லைனும் லயமும்

ஒரு நாளில் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லை நாம் எத்தனை முறை சொல்கிறோம் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? விடுதி அறையில் கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு "லைன் இல்ல" என்கிறோம். சிற்றுண்டிச் சாலையில் "லைன்ல நில்லுங்க" என்கிறோம். படிப்பை முடித்துப் போன அக்காவைப் பார்த்தால் "இப்ப எந்த லைன்ல வேலை?" என்று கேட்கிறோம். நாடக ஒத்திகையில் "என் லைன் மறந்துபோச்சு" என்று விழிக்கிறோம். இடுபணிக்கு 'டெட்லைன்', விரிவுரைக்கு 'ஆன்லைன்'. ஒருவன் ஒருத்தியைப் பார்த்து இரண்டு முறை சிரித்துவிட்டால் "லைன் விடுறான்" என்ற தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது. தமிழ்மொழிக் கழகத்தில் இருக்கும் நாமும் இதற்கு விதிவிலக்கல்ல.

இந்தச் சிறு சொல்லைப் பற்றி எனக்கு இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, நாம் சொல்லும் 'லைன்'களில் பெரும்பாலானவை நமக்குத் தேவையே இல்லை. இரண்டு, அதே சொல்லிலிருந்து பிறந்த ஒரு வடிவம் மட்டும் நம்மை விட்டுப் போகவே கூடாது. முதல் கருத்தை நம் கழகத்தில் பலர் ஏற்றுக்கொள்வார்கள். இரண்டாவதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நூலும் தாலியும்

'லைன்' என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ஆளி என்ற செடியின் நாருக்கு அங்கே 'லீனும்' என்று பெயர். அந்த நாரில் திரித்த கயிறு 'லீனியா'. கயிற்றை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். அதனால் நேர்கோட்டுக்கும் அதே பெயர் வந்தது. பிறகு எழுத்தின் வரி, ஆட்களின் வரிசை, ரயில் பாதை, தொலைபேசிக் கம்பி, செய்யும் தொழில் என்று பொருள் பெருகிக்கொண்டே போயிற்று. லினன் துணியின் பெயரும் அதே நாரிலிருந்து வந்ததுதான்.

இது நமக்குப் புதிதல்ல. 'நூல்' என்ற நம் சொல்லும் இதே வழியில்தான் நடந்தது. பஞ்சைத் திரித்தால் நூல். கொத்தனார் சுவர் எழுப்பும்போது கட்டுவதும் நூல். நேராக நடப்பவனை 'நூல் பிடித்த மாதிரி' நடக்கிறான் என்கிறோம். அறிவைக் கோத்துத் தருவதும் நூலே. புலவன் சொல்லைக் கொண்டு நூல் செய்வதைப் பஞ்சிலிருந்து நூல் நூற்பதோடு நன்னூல் ஒப்பிடுகிறது. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைப் புலவனின் நூல் தீர்க்கும் என்றும் அது சொல்கிறது.

மலாய்க்காரர்களும் இப்படித்தான் செய்தார்கள். அவர்கள் மொழியில் 'தாலி' என்றால் கயிறு. அதிலிருந்து 'தாலியான்' என்று தொலைபேசி இணைப்புக்குப் பெயர் வைத்தார்கள். ஆன்லைன் வந்தபோது 'டாலாம் தாலியான்' என்று சொல்லிவிட்டார்கள். சொந்த வீட்டுக் கயிற்றை எடுத்துப் புதுப் பொருளைக் கட்டிவிட்டார்கள். பாராட்ட வேண்டிய காரியம்.

ஒன்றுக்கு ஒன்று போதாது

நாம் என்ன செய்கிறோம்? ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் "தமிழில் சொல் இல்லை" என்று கைவிரிக்கிறோம். உண்மையில் 'லைன்' என்பதற்கு நம்மிடம் ஒரு சொல் அல்ல, ஒரு கூடைச் சொற்கள் இருக்கின்றன. தாளில் கிழிப்பது கோடு. தாளில் எழுதுவது வரி. செய்யுளில் வந்தால் அடி. ஆட்கள் நின்றால் வரிசை. தொலைபேசிக்கு இணைப்பு. ரயிலுக்குத் தடம் அல்லது பாதை. வேலைக்குத் துறை. நாடகத்தில் வசனம். டெட்லைனுக்குக் கெடு. ஆங்கிலம் ஒரே சட்டையை எல்லாருக்கும் மாட்டிவிட, தமிழ் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்திருக்கிறது.

கைப்பேசியைப் பாருங்கள். அதில் கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. இருந்தும் "லைன் இல்ல" என்கிறோம். 'அலை கிடைக்கவில்லை', 'தொடர்பு இல்லை' என்று சொன்னால் பொருளுக்கும் பொருத்தம், வாய்க்கும் எளிது.

ஆன்லைனுக்கு மலேசியாவில் நாம் 'இயங்கலை' என்கிறோம். தமிழ்நாட்டில் 'இணையவழி' என்பது பெருவழக்கு. இலங்கையில் 'நிகழ்நிலை' என்கிறார்கள். 2024ஆம் ஆண்டு அங்கே வந்த சட்டத்தின் பெயரே 'நிகழ்நிலைக் காப்புச் சட்டம்'தான். மூன்று நாட்டில் மூன்று சொல் என்று சிலர் வருந்துகிறார்கள். நான் வருந்தவில்லை. ஒரு மொழி மூன்று இடங்களில் உயிரோடு இருந்து மூன்று இடங்களிலும் சொல் ஆக்குகிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

சில 'லைன்'கள் ஊரோடு ஒட்டிவிட்டன என்பதும் உண்மை. வழி விட்டாயிற்று, போகலாம் என்பதற்கு இந்நாட்டில் எல்லா இனத்தாரும் 'லைன் கிளியர்' என்கிறார்கள். பினாங்கில் அந்தப் பெயரில் புகழ்பெற்ற நாசி கண்டார் கடையே இருக்கிறது. இது ரயில்வேக்காரர்களின் சொல். ஒற்றைத் தடத்தில் எதிரே வண்டி வராது என்று அடுத்த நிலையம் உறுதி சொன்ன பிறகுதான் இந்த நிலையம் வண்டியை விடும். அந்த உறுதிமொழிதான் 'லைன் கிளியர்'. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891ஆம் ஆண்டிலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். ஆகவே நெகிரி செம்பிலானில் 'லைன்' நூறாண்டைத் தாண்டிய சொல். ஆனால் அது இங்கே வேறு ஒரு வாசல் வழியாகவும் நுழைந்தது.

ரந்தாவ் பக்கத்து லயம்

சிரம்பானிலிருந்து தெற்கே, லிங்கி ஆறு ஓடும் வழியில் இருக்கிறது ரந்தாவ். மலாய் மொழியில் 'ரந்தாவ்' என்பது ஆற்றோரத்தையும் கரையோரத்தையும் குறிக்கும். பிழைப்பு தேடிப் போகும் அயல் நிலத்தையும் குறிக்கும். ஊரை விட்டுப் பிழைக்கப் போவதை 'மெரந்தாவ்' என்பார்கள். சுமத்திராவிலிருந்து மினாங்கபாவ் மக்கள் அப்படித்தான் நெகிரி செம்பிலானுக்கு வந்து குடியேறினார்கள். பின்னால் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் காத்திருந்தது. லின்சம் முதலான தோட்டங்கள் இவ்வட்டாரத்தவை. என் குடும்பமும் இப்பக்கத்துத் தோட்டத்தில்தான் வேர் பிடித்தது.

இங்கே யாரும் 'லைன் வீடு' என்று சொல்லவில்லை. 'லயம்' என்றார்கள். மேல லயம், கீழ லயம், பழைய லயம், புது லயம். லயத்துக்குப் போனான். லயத்தில் சண்டை. லயத்து வீடு. லயத்துப் பிள்ளை.

லயம் என்றால் என்ன என்று இன்றைய தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே நீளக் கூரை. அதன் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு. பழைய லயங்களில் அந்தத் தடுப்பு கூரை வரைக்கும் எட்டாது. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். இந்த வீட்டில் கணவன் மனைவி பேசிக்கொள்வதை அந்த வீடு கேட்காததுபோல் இருக்கப் பழகிக்கொள்ளும். தண்ணீருக்குப் பொதுக்குழாய். விடியுமுன் பெரட்டுக்குக் கூப்பிட்டால் லயம் முழுதும் ஒரே நேரத்தில் விளக்கேற்றும்.

இந்தச் சொல் எப்படி வந்தது? பிரிட்டிஷ் இந்தியாவின் படைமுகாம்களில் சிப்பாய்களின் குடில்கள் வரிசையாக இருக்கும். அவற்றை 'லைன்ஸ்' என்றார்கள். பினாங்கில் 'செப்பாய் லைன்ஸ்' என்ற சாலைப் பெயர் இன்றும் உண்டு. வட இந்திய நகரங்களில் 'சிவில் லைன்ஸ்' உண்டு. அதே சொல்லை வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்துக்கும் கொண்டுவந்து 'கூலி லைன்ஸ்' ஆக்கினார்கள். இலங்கையின் தோட்டங்களில் பழகி, பிறகு மலாயாவுக்கு வந்த துரைமார் உண்டு. இலங்கை மலையகத் தமிழரும் இதே வீட்டை 'லயம்', 'லயன்' என்றுதான் சொல்கிறார்கள்.

சிலர் இதை மறுத்து, குதிரை கட்டும் 'லாயம்' என்ற சொல்தான் 'லயம்' ஆயிற்று என்பார்கள். நீளக் கொட்டகை, நடுவே தடுப்புகள் என்று பார்த்தால் ஒப்புமை பொருந்தத்தான் செய்கிறது; கசப்பும் புரிகிறது. ஆனாலும் 'லைன்ஸ்' என்பதே மூலம் என்று கருதுகிறேன். துரைமார் எழுதிவைத்தது அந்தச் சொல்லைத்தான். இலங்கையில் 'லயன்' என்ற வடிவம் இன்னும் அந்த னகரத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறது. வேர் ஆங்கிலம், 'லாயம்' என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட நிழல்.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது இலக்கணம். படிப்பறிவு மறுக்கப்பட்ட மக்கள் ஓர் ஆங்கிலச் சொல்லை வாங்கி அதற்கு மகர ஈறு கொடுத்தார்கள். மகர ஈறு வந்ததும் அத்துச் சாரியை தானாக வந்து சேர்ந்தது. மரம், மரத்து, மரத்தில்; லயம், லயத்து, லயத்தில். 'பஸ்', 'பேங்க்' எல்லாம் இன்றுவரை நம் மொழியில் விருந்தாளிகளாகத்தான் இருக்கின்றன. லயமோ குடும்பத்தில் ஒருவராகிவிட்டது. தொல்காப்பியப்படி லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது எனக்குத் தெரியும். 'இலயம்' என்று எழுதி இலக்கணத்தைக் காப்பாற்றலாம்தான். ஆனால் அந்த லயத்தில் யாரும் குடியிருந்ததில்லை.

நிரையும் லயமும்

இப்போது இன்னொரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரப்பர் மரங்களும் வரிசையாகத்தான் நிற்கும். அந்த மர வரிசையைத் தோட்டத்துத் தமிழர்கள் 'லைன்' என்று சொல்லவில்லை. 'நிரை' என்றார்கள், பேச்சில் 'நெர'. காலையில் ஆளுக்கொரு நிரை பிடித்துத்தான் மரம் சீவப் போவார்கள். நிரை சங்கத் தமிழ். ஆநிரை கவர்தல் என்று இலக்கியத்தில் படிக்கிறோமே, அந்த நிரை. யாப்பில் நேர், நிரை என்று அசை பிரிக்கிறோமே, அதே நிரை.

மரத்தின் வரிசைக்கு ஈராயிரம் ஆண்டுத் தமிழ்ச் சொல். மனிதர் குடியிருந்த வரிசைக்கு ஆங்கிலச் சொல். ஏன் இப்படி? நான் இதைப் பற்றி நெடுநாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றும் விடை இது: காடு யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் வேலை அவர்களுடையது. கத்தி பிடிக்கும் கையின் பக்குவம், பட்டையின் ஆழம், மங்கில் பால் சொட்டும் நேரம் எல்லாம் அவர்கள் அறிவு. அறிந்தவர்கள் தங்கள் சொல்லால் பெயர் வைத்தார்கள். வீடு அப்படியல்ல. அதை அவர்கள் கேட்ட அளவில் கட்டவில்லை, அவர்கள் பெயரில் எழுதவில்லை. கட்டியவன் வைத்த பெயரே நின்றது. ஆக, 'லயம்' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு சாட்சியம் இருக்கிறது: இது எங்கள் வீடு அல்ல.

அது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. உழைக்க முடியாத வயது வந்தாலும், தோட்டம் கைமாறினாலும், வீட்டைக் காலி செய்ய வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது குடும்பம் குடும்பமாகப் பெட்டி படுக்கையோடு வெளியே நின்ற கதை நம் வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. அதற்கு எதிராகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மூன்று தலைமுறை உழைத்த ஒரு குடும்பத்திடம் ஏன் ஒரு வீட்டுப் பட்டா இல்லை என்று யாராவது கேட்டால், அதற்கான விடையை ஒரே சொல்லில் சொல்லலாம். அந்தச் சொல் 'லயம்'.

ஒரு கேலியும் ஒரு கேள்வியும்

இந்தச் சொல்லை நாம் இரண்டு விதமாகக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

ஒன்று வெட்கம். 'லயத்துப் பிள்ளை' என்பது பட்டணத்துத் தமிழரிடையே ஒரு வசைபோல் புழங்கியது. பேச்சில் முரட்டுத்தனம் தெரிந்தால் "லயத்துப் புத்தி" என்றார்கள். அதனால் தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் வீட்டை விட்டதோடு சொல்லையும் விட்டுவந்தார்கள். என் அம்மா பட்டணத்தில் குடியேறிய பிறகு பிறந்த இடத்தைப் பற்றிக் கேட்டால் 'ரந்தாவ்' என்று ஊரோடு நிறுத்திக்கொள்வார். பாட்டி மட்டும் கடைசி வரைக்கும் "லயத்துல இருந்தப்ப" என்றுதான் எந்தக் கதையையும் ஆரம்பித்தார்.

மற்றொன்று மறதி. தோட்டப்புறச் சிறுகதை ஒன்றை ஒரு வாசிப்பு வட்டத்தில் படித்தபோது, முதலாம் ஆண்டுத் தங்கை ஒருவர் "லயம்னா தாளம் இல்லையா? கதையில சங்கீதம் எங்க வருது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்தத் தங்கையைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அகராதியில் படித்த லயம் அதுதான். அவர் தாத்தாவும் லயத்தில் பிறந்தவர் என்பது பிறகு பேசும்போது தெரியவந்தது. பேரப்பிள்ளைக்கு அந்தச் சொல்லை யாரும் கைமாற்றவில்லை.

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: "லைனை விடச் சொல்கிறாய், லயத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறாய். இரண்டும் ஆங்கிலம்தானே? 'தொடர்வீடு' என்றோ 'வரிசை வீடு' என்றோ சொல்லிவிட்டுப் போகலாமே?" நியாயமான கேள்விதான். ஆனால் பட்டணத்தில் மாடியும் கார் நிறுத்துமிடமும் வைத்துக் கட்டி, வங்கிக் கடனில் வாங்கும் வீடும் வரிசை வீடுதான். வரிசை வீட்டுக்குப் பத்திரம் உண்டு, லயத்துக்குக் கிடையாது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் வரலாற்றைச் சுண்ணாம்பு பூசி மறைப்பதாகும். 'லைன்' என்று நாம் சொல்வது சோம்பலால். அதற்கு மாற்று நம் கையிலேயே இருக்கிறது. 'லயம்' என்று அவர்கள் சொன்னது வாழ்க்கையால். அதற்கு மாற்று இல்லை. கடன் வாங்கிய சொல்லா, சொந்தச் சொல்லா என்பதைவிட, அந்தச் சொல் எதை ஈடாகக் கொடுத்து வாங்கப்பட்டது என்பதே எனக்கு முக்கியம்.

சொல் வணிகம் ஒருவழிப் பாதையும் அல்ல. நம் 'கங்காணி' ஆங்கிலத்துக்குப் போனார். மலாயிலிருந்து 'கித்தா' வந்தது. கடைத்தெருவின் நடைவழியை ஐந்தடி அகலத்தில் விட வேண்டும் என்ற விதியிலிருந்து 'அஞ்சடி' என்ற சொல்லை நாமே பெயர்த்துக்கொண்டோம். பெரட்டு, கிராணி, மண்டோர், மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை என்று தோட்டத்துத் தமிழ் ஒரு தனி உலகம். அதில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் போர்ச்சுக்கீசியமும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன.

இலங்கையைப் பாருங்கள். மலையகத் தமிழர் அங்கே குடியேறி 200 ஆண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள். 'லயன் வாழ்க்கை முடிய வேண்டும், காணியும் தனி வீடும் வேண்டும்' என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. சொல் உயிரோடு இருப்பதால் கோரிக்கையும் உயிரோடு இருக்கிறது.

இங்கேயும் லயம் அடியோடு போய்விடவில்லை, குடியிருப்பவர்கள் மாறியிருக்கிறார்கள். இன்று தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். கட்டுமானத் தளத்துத் தகரக் கொட்டகையை 'ரூமா கொங்சி' என்கிறோம். தோட்ட வீடுகளை மனத்தில் வைத்து 1966இல் வந்த தொழிலாளர் வீடமைப்புத் தரச் சட்டம், 1990இல் புதுச் சட்டமாயிற்று. அது 2019இல் திருத்தப்பட்டு, 2020 முதல் எல்லாத் துறைத் தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. நம் பாட்டன் பாட்டி லயத்தில் இருந்ததை மறந்துவிட்டால், இன்று ஓர் அறையில் பலராகப் படுத்திருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளியை யாரோ ஒருவர் என்றுதான் பார்ப்போம். நினைவிருந்தால் அவர் யார் என்று நமக்குத் தெரியும்.

நாம் செய்யக்கூடியது

பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளுக்குத் தனிக் குறியிட்டு இடம் கொடுத்தது. மலேசியத் தோட்டத் தமிழுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். அதற்கான மூலப்பொருள் நம் வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, தோட்டத்தில் வாழ்ந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வேலைச் சொற்கள் பத்து, வீட்டுச் சொற்கள் பத்து, வசைச் சொற்கள் பத்து கேட்டு எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வாக்கில் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நம் கழகத்தில் ஐம்பது பேர் இதைச் செய்தால், அடுத்த ஆண்டு மலரில் ஒரு சொற்பட்டியல் வெளியிடலாம். முன்னாள் மாணவர்களான அண்ணன்மார், அக்காமார் பலர் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். அவர்கள் எழுதினால் அது பட்டியலாக நிற்காது, அகராதியாகும்.

கைப்பேசியில் அலை கிடைக்காவிட்டால் அலை இல்லை என்று சொல்லுங்கள். வரிசையில் நில்லுங்கள். இடுபணியைக் கெடுவுக்குள் முடியுங்கள். ஆனால் யாராவது உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ரந்தாவ் பக்கம், இன்ன தோட்டம், மேல லயம் என்று முழு முகவரியையும் சொல்லுங்கள்.